பெண்கள் டிக்கெட்

வைகுண்டராஜன் முதலாளியின் சினிமாக் கொட்டகை வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. பெண்களுக்குத் தனி வாசல், தனி டிக்கெட் அறை. அறை என்றால் தகர அடைப்புதான். அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியே நிற்பவள் காசை நீட்டுவாள், உள்ளேயிருந்து தாணம்மாளின் கை டிக்கெட்டைக் கொடுக்கும். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் கோயிலுக்கென்று சொல்லிவிட்டுப் படத்துக்கு வருகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது என் வேலை. என் பெயர் செல்லபாய். எனக்குப் புருஷன் இல்லை, அதனால் வாயை அடக்கும் பழக்கமும் இல்லை.

தாணம்மாளுக்குப் புருஷன் உண்டு. நாராயணபெருமாள். பட்டாளத்துக்குப் போனவரை ஆப்பிரிக்காவில் காணவில்லை என்று தந்தி வந்தது. ஜெர்மன்காரனிடம் கைதியாக இருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் மாமியார் வீட்டில் அவளுக்கு விழும் சோறு சிறுத்துக்கொண்டே போய், ஒருநாள் வெறும் கஞ்சித் தண்ணீர் ஆனது. அன்றைக்குத்தான் அவள் அந்த வீட்டை விட்டு இறங்கி, இந்தத் தகர அறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். தனக்கென்று ஒரு வாடகை வீடு பிடித்ததும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தில்தான்.

சண்டை முடிந்தும் கொஞ்ச காலம் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டு, சுதந்திரம் வந்த வருஷம்தான் அவர் திரும்பி அவள் வீட்டுக்கு வந்தார். முழு உடம்போடு வந்தாரே என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தினமும் கொட்டகைக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் உட்கார்ந்து ஜெர்மனிக் கதை சொல்வார். குண்டு விழுந்து இடிந்த பட்டணத்தில் பெண்கள் வரிசையாக நின்று கல்லும் மண்ணும் வாளியில் கைமாற்றியதை ஒரு பக்தியோடு சொல்வார்.

"கொட்டகைக்கு மேற்கூரை கிடையாது, கேட்டீரா? ஆனாலும் படம் ஓடும். டிக்கெட் குடுக்கது ஒரு பொம்பளையாக்கும். என்ன தைரியம் அவளுக்கு!"

ஒருநாள் யாரோ ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா வே? உம்ம வீட்டுக்காரி இந்தா எதிர்லல்லா டிக்கெட் குடுக்கா!"

கடை முழுக்கச் சிரித்தது. நாராயணபெருமாள் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு நேரே தகர அறைக்கு வந்தார்.

"ஏட்டி, நாளையிலேருந்து நீ இங்க வரப்பிடாது."

"வருவேன்," என்றாள் தாணம்மாள்.

"வந்தா உன் வீட்டுப்படி நான் ஏறமாட்டேன். ரெண்டுல ஒண்ணு பாத்துக்க."

அவர் முதலாளியிடம் போய் அந்த வேலையைத் தனக்கே கேட்டார். முதலாளியும் ஒரு ஆம்பிளைதானே? பட்டாளத்துக்காரர் கேட்கிறார் என்றதும், "நாளைக்கு நீரே இரும் ஓய்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த இடத்தை ஒரு வெற்றிலை மடித்துக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முதல் ஆட்டம். புதுப்படம், சந்தை வரைக்கும் வரிசை நின்றது. முதலில் நின்ற பெண் காசை நீட்டினாள். ஓட்டைக்குள்ளிருந்து ரோமம் அடர்ந்த, கடிகாரம் கட்டிய கை ஒன்று வந்தது. அவள் "அய்யோ!" என்று கையை இழுத்தாள், காசு மண்ணில் விழுந்தது. ஆம்பிளை உள்ளே இருக்கிறான் என்ற சேதி வால்வரை ஓடியது. முக்காடுகள் ஏறின. வரிசை கலைந்து எல்லோரும் புளியமரத்தடியில் போய் ஒதுங்கினார்கள். டிக்கெட் வாங்கவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை.

முதலாளி தகரத்தைத் தட்டினார். "வெளிய வாரும் ஓய், ஆட்டம் தொடங்கணும்!"

"வரமாட்டேன்."

அதற்குள் தாணம்மாள் வந்துவிட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. யாரையும் பார்க்காமல் நேரே போய், காசோடு கையை ஓட்டைக்குள் நீட்டினாள்.

"ஒரு டிக்கெட்."

டிக்கெட் வரவில்லை. அவள் தோள் திடீரென்று தகரத்தில் மோதியது. உள்ளே அவள் மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. புளியமரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போ," என்றார் உள்ளேயிருந்து.

"விடுங்க. வலிக்கி."

நான் கதவை உடைக்கப் போனேன். அவள் மற்றக் கையால் என்னைத் தடுத்தாள். அப்போது உள்ளே அவர் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ஜெர்மனியில அந்த டிக்கெட் குடுத்தவளுக்க புருஷன் சண்டை முடிஞ்சு வந்தான் தாணம். அவ வேலைக்குப் போவா. அவன் அடுப்புப் பக்கத்தில சும்மா இருப்பான். பிள்ளைகூட அவன்ட்ட ஒண்ணும் கேக்காது. அவனைப் பாக்க எனக்குப் பயமா இருந்துது. என்னையும் அப்பிடி ஆக்கிராத."

பாவம் என்று ஒரு நொடி தோன்றியது, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போதும் அவர் பிடியை விடவில்லையே!

தாணம்மாள் தகரத்தோடு முகத்தைச் சேர்த்துவைத்துச் சொன்னாள்: "வீட்டில உங்களுக்கு எடம் உண்டு. ஒரு நாளும் அது இல்லாம இருந்ததில்ல. ஆனா இது எனக்குள்ள எடம். நீங்க படி ஏறாம போனாலும் இதை நான் விடமாட்டேன்."

உள்ளே பிடி தளர்ந்தது. பிறகு அவள் கை வெளியே வந்தது. பின்கதவு திறந்து நாராயணபெருமாள் இறங்கினார். யாரையும் பார்க்காமல் சந்தைப் பக்கம் நடந்தார். வீட்டுக்குப் போகிறாரா, வேறெங்காவதா என்று அந்த நடையில் தெரியவில்லை. தாணம்மாள் அவர் போவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஏறினாள்.

வரிசை மறுபடி சேர்ந்தது. கையை இழுத்துக்கொண்ட அந்தப் பெண்தான் முதலில் வந்தாள். ஓட்டை வழியே தாணம்மாளின் கை டிக்கெட்டோடு வெளியே வந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. தன் கையிலும் இருந்த பழைய தடம் தெரியாமல் முந்தானையை இழுத்து முழங்கை வரை மூடிக்கொண்டு டிக்கெட்டை வாங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.