வீட்டுக்குப் போற மூஞ்சி

துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி, வாசலில் தயங்கி நின்றவரை நிமிர்ந்து பார்த்தான். அறிமுகமில்லாத முகம். இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அக்காவின் கையிலும் அப்படித்தான் இருந்தது.

"டயாலிசிஸ்ல அவங்களுக்குப் பக்கத்து பெட்டு நான்."

உள்ளே போய் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் வேலையை விடவில்லை. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்த அன்று, "எனக்குத் தண்ணியில கண்டம்டா" என்று சிரித்தாள். அதன்பிறகு வீட்டில் யாரும் அவள் முகம் வாடிப் பார்த்ததில்லை. நேற்றுக் காலை தூக்கத்திலேயே போய்விட்டாள். கடைசிவரை எப்படிச் சிரிக்க முடிந்தது அவளால்? தம்பிக்குப் பிடிபடவே இல்லை.

"அங்கயும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பாளா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தப்பா எடுத்துக்கக் கூடாது. ஊசி ஏறுனதும் திட்ட ஆரம்பிப்பாங்க. டாக்டர், மிஷினு, கடவுள், ஒருத்தர் பாக்கி இல்ல. சில நாள் அழுவாங்க. நான் கேட்டுக்குவேன். அடுத்த தடவ என் முறை."

"எங்களையுமா திட்டுனா?"

"உங்களத்தான் முதல்ல. 'நான் சிரிச்சா அப்படியே நம்பிடுறான், மடப்பய'ன்னு."

தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்க்கவும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்புறம்?"

"முகத்தக் கழுவிட்டு, 'சரி, வீட்டுக்குப் போற மூஞ்சிய மாட்டிக்கிறேன்'பாங்க. நடிப்புன்னு நினைச்சுடாதீங்க தம்பி. கொட்டித் தீத்தப்புறம் நெசமாவே லேசாயிடும்."

அன்று மாலை அவருக்கு டயாலிசிஸ் இருந்தது. அடக்கம் முடிந்ததும் தம்பியே காரில் அழைத்துப் போனான்.

அக்காவின் படுக்கையில் புது விரிப்பு. அதன் ஓரத்தில் ஓர் இளம்பெண், செருப்பைக் கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் நெருங்கியதும், "பரவால்ல சிஸ்டர், குத்துங்க. எனக்கெல்லாம் வலிக்காது" என்று சிரித்தாள்.

அவர் தன் படுக்கையில் ஏறி, அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"வீட்ல யார்யாரும்மா இருக்கா?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கத் தம்பிக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.