பூ வைத்துக் கட்டிய கொடி

நல்லம்மாள் மல்லிகைச் சரத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுகுமாறன் வந்து கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். மலேசியாவின் கிள்ளான் நகர லிட்டில் இந்தியாவில் அவள் பூக்கடைக்கு இரண்டு கடை தள்ளி அவருக்குப் பாத்திரக்கடை. வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். காலையில் ஒரு நடை வந்து யாரைப் பற்றியாவது வம்பு பேசிவிட்டுப் போகாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. இன்று என்னவோ முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அக்கா, இது உங்க கடைதானே?"

அவள் கடைதான். நேற்றுக் காலை ஏற்றிய தேசியக் கொடியை எதிர்வரிசையிலிருந்து யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். கொடி அவிழ்கிறது, சாமந்தியும் ரோஜா இதழ்களும் பொலபொலவென்று கொட்டுகின்றன, ஆள் தெரியாமல் ஒரு கைதட்டல் கேட்கிறது. வளையல் சத்தத்தை வைத்தே அது தன்னுடைய கைதட்டல் என்று நல்லம்மாள் கண்டுகொண்டாள்.

"நல்லா வந்திருக்கே!"

"என்னாத்த நல்லா வந்திருக்கு? நிலா எங்க இருக்கு, பாருங்க லா!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறையும் நட்சத்திரமும் இருக்கும் நீலக் கட்டம் கீழே தொங்கியது. உச்சியில் இருக்கவேண்டிய சிவப்புக் கோடு அடியில் கிடந்தது. கொடி தலைகீழ்.

அவள் சரத்தை மடியில் போட்டுவிட்டாள்.

வழக்கமாகச் சுதந்திர தினம் வரும் ஆகஸ்டு பிறந்தால் நல்லம்மாள் பழைய பெட்டியிலிருந்து கொடியை எடுத்து உதறி, கடை முகப்பில் இரண்டு துணி கிளிப் போட்டு மாட்டிவிடுவாள். தீபாவளிக்குத் தோரணம், சீனப் பெருநாளுக்குப் பக்கத்துக் கடைக்காரர் தரும் சிவப்புக் காகிதம், இந்த மாதத்துக்குக் கொடி. அவ்வளவுதான் அதைப் பற்றி அவளுக்கு இருந்த நினைப்பு. இந்த வருடம் திருமுருகன் விடவில்லை. நிலக்கோட்டைக்காரன், மாலை கட்டுவதற்கென்று வேலை பெர்மிட்டில் வந்தவன். ஊரில் பாதி கட்டி நிற்கும் தன் வீட்டின் படத்தை, கூரையில்லாத அந்த நான்கு சுவரை, பூ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான். "மேல ஓடா கான்கிரீட்டாண்ணே போடலாம்?" என்று முன்பின் தெரியாதவரிடம்கூட யோசனை கேட்பான்.

"என்னக்கா, துணி காயப்போடற மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிடறீங்க? எங்க ஸ்கூல்ல பூவை உள்ள வச்சு மூட்டை மாதிரி கட்டி ஏத்துவாங்க. சீஃப் கெஸ்ட் கயித்த இழுத்தா பூ கொட்டும். அப்பதான் அது கொடி!"

"இங்க அப்படியெல்லாம் பழக்கம் இல்லடா."

"பழகினா பழக்கம்தான்."

பூக்கடையில் பூவுக்கா பஞ்சம்? திரைச்சீலை மாட்டும் குழாய் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கம்பமாக்கினான். உச்சியில் ஒரு சின்னச் சக்கரத்தைப் பொருத்தினான். நீலக் கட்டம் பையைப் போல மடிவதற்குத் தோதாக இருக்கிறது என்று சொல்லி அதற்குள் இதழ்களை அள்ளி வைத்துச் சுருட்டிக் கட்டினான். எங்கே, காட்டு என்று நல்லம்மாள் கேட்டதற்கு, பிரித்தால் பூ கொட்டிவிடும் என்று மறைத்துக்கொண்டான். "நீங்கதான்க்கா சீஃப் கெஸ்ட்" என்று கயிற்றை அவள் கையில் கொடுத்தான். முதல் இழுப்பில் அவிழவில்லை. இரண்டாவது இழுப்பில் அவிழ்ந்தது. அவளுக்கு என்னவோ தன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ தலையில் விழுந்த மாதிரி இல்லை. கொஞ்ச நேரத்தில் மழை தூற, கொடி நனையக்கூடாது என்று அவனே இறக்கி மடித்து வைத்துவிட்டான்.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ, ராத்திரியோடு ராத்திரியாக ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

சுகுமாறன் கீழே இருந்த கருத்துகளை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். கோபங்கள், வசவுகள். நம் மானத்தை வாங்குவதற்கென்றே இருக்கிறார்கள் என்று தமிழிலேயே ஒருவர். தெரியாமல் செய்திருப்பார்கள், விடுங்கள் என்று ஒரு மலாய்ப் பெண்; அவளுக்கும் நான்கு பேர் வசவு. நடுவில் ஒன்று இரண்டே வார்த்தை: 'பாலேக் இந்தியா'. இந்தியாவுக்கே திரும்பிப் போ என்கிறார்கள். நல்லம்மாள் பிறந்தது இதே கிள்ளானில்தான். இந்தியாவுக்கு ஒரே ஒருமுறை பழனிக்குப் போயிருக்கிறாள். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் லாட்ஜிலேயே படுத்துக் கிடந்தாள். கடைக்காரர்கள் எல்லாரும் அவளை 'ஃபாரின்காரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். திரும்பிப் போ என்றால் எங்கே போவது, அந்த லாட்ஜுக்கா?

"போலீஸ் பாலாய்லேர்ந்து போன் வந்துச்சுக்கா. மத்தியானம் போலீஸ்காரரு உங்கள வரச் சொல்றாரு. நானும் கூட வரேன், பயப்படாதீங்க." சுகுமாறன் குரலைத் தாழ்த்தினார். "வேலைக்காரன் கட்டுனான், இந்தியாக்காரன், அவனுக்கு நம்ம பெண்டேராவுல எது மேலேன்னு தெரியாதுன்னு சொல்லிடுங்க. பொய் இல்லையே, உண்மைதானே? பெர்மிட்ட கேன்சல் பண்ணி, ஊருக்குப் போடான்னு அனுப்பிட்டா கதை முடிஞ்சுது."

அவர் போன பிறகு நல்லம்மாள் கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். திருமுருகன் மாலை கட்டுவதை நிறுத்தியிருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"வேணும்னு பண்ணலக்கா. சுருட்டினப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்டா என்னடா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நானே வந்து சொல்லிடறேன்க்கா. உங்க பேரு கெட வேணாம்."

அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் கேட்டார்கள் இந்தப் பூவையும் புண்ணாக்கையும்? வந்தோமா, மாலையைக் கட்டினோமா என்று இருக்கவேண்டியதுதானே? ஊரைப் பார்த்துப் போய்ச் சேர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததும், கைப்பேசியில் பார்த்த அந்த இரண்டு வார்த்தையின் ருசி வாயில் தட்டியது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

அதைவிட வேறொன்று உறுத்தியது. அவன் தெரியாதவன், சரி. இவள்? பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை தவறாமல் அந்தக் கொடிக்கு முன்னால் நின்று பாடியவள். நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று ஆசிரியை கேட்கும்போதெல்லாம் முதலில் கை தூக்கியவள். நேற்று அதே கொடிக்குக் கீழே அண்ணாந்து நின்றாளே, ஏன் தெரியவில்லை? இத்தனை வருடமாகக் கிளிப் போட்டு மாட்டினாளே, ஒருநாளாவது நின்று பார்த்தாளா?

"நீ கடையப் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர். மேலே குளிர்சாதனம் ஒழுக, கீழே வாளி வைத்திருந்தார்கள். அவள் கொண்டுபோன கொடியை வாங்கி மேசைமேல் விரித்தார். ஒரு மடிப்பிலிருந்து காய்ந்த ரோஜா இதழ் ஒன்று விழுந்தது. அதை எடுத்துக் குப்பையில் போடலாமா, ஓரமாக வைக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மேசை விளிம்பில் வைத்தார். பிறகு மலாயில் மரியாதையாகக் கேட்டார்: கொடியை ஏற்றியது யார்?

சுகுமாறன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவரே வாயைத் திறக்கவும் போனார். நல்லம்மாளுக்கு உள்ளங்கையில் கயிறு உரசியது நினைவுக்கு வந்தது. முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு.

"சாயா," என்றாள். நான்தான்.

எது மேலே என்று தெரியாதா என்று அவர் கேட்டார். தெரியும், ஆனால் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தேன் என்றாள். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், மறுபடி கூப்பிட்டால் வரவேண்டும், அதுவரை கொடி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்ததும் சுகுமாறன் வெடித்தார். "பைத்தியமாக்கா உங்களுக்கு? நாளைக்கு கேஸு கீஸுன்னு ஆனா யாரு பாப்பா?"

"கயித்த இழுத்தது நான்தானே சுகு."

"கட்டுனது அவன்!"

"கை தட்டுனதும் நான்தான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வண்டியை எடுத்தார். கடை வாசலில் அவள் இறங்கும்போது, "புதுக்கொடி ஒண்ணு எங்கிட்ட இருக்கு, கொடுத்தனுப்புறேன்," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை பூ வந்து இறங்கியதும், மாலை கட்டும் மேசையைத் துடைத்து அந்தப் புதுக்கொடியை விரித்தாள். திருமுருகன் கிட்டே வரத் தயங்கினான்.

"வாடா. இங்க பாரு." பிறையின்மேல் விரலை வைத்தாள். "இது மேல." கொடியின் மேல் மூலைக் கயிற்றில் மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டை எடுத்து அடையாளமாக முடிந்தாள்.

"கிளிப்பே போட்டுடலாம்க்கா. பூ வேணாம்."

அவள் சாமந்திக் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி நீலத்தின் நடுவில் கொட்டினாள். அவன் மெதுவாக மடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு மடிப்புக்கும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் அடுத்த மடிப்பு.

கம்பத்தில் மூட்டை ஏறியது. உச்சியில் மல்லிகைத் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. எதிர்வரிசையில் யாரோ கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பதைக் கண்டதும் திருமுருகன் கடைக்குள் ஒதுங்கினான். பாத்திரக்கடை வாசலில் சுகுமாறன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நல்லம்மாள் கயிற்றை இழுத்தாள். அவிழவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பூ எங்கே விழுந்தாலும் விழட்டும் என்று கம்பத்தின் உச்சியைப் பார்த்தபடி, மறுபடி இழுக்கக் கயிற்றை இறுகப் பிடித்தாள்.