சிலந்தியின் கடைசிச் சட்டை

மலர்விழி செய்தது மடத்தனம்தான், அதில் சந்தேகமே இல்லை. கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் முள்ளில் கை கிழித்துக்கொண்டு பிடித்த குதிக்கும் சிலந்தி அது. முகத்தருகே இரண்டு குட்டைக் கைகளும் புடைத்திருந்ததைப் பார்த்து, வளர்ந்த ஆண் என்று நினைத்து, அங்கேயே ஆல்கஹாலில் போட்டுவிட்டாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு நெறியாளர் விஜயன் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது இன்னும் வயசுக்கே வரலம்மா. இன்னொரு தடவை சட்டை உரிச்சிருந்தா, அந்தக் கை முனையில ஆண் உறுப்பு விரிஞ்சிருக்கும். அத வச்சுத்தானே இனம் பிரிக்கிறோம்? புதுசுன்னு நான் நம்புறேன். ஜர்னல்காரன் நம்புவானா?”

சிலந்தியின் நிறமும் அழகும் கணக்கில் வராது. அந்த உறுப்பைப் பார்க்காமல் புது இனமென்று பெயர் வைக்க முடியாது. அந்தத் தோட்டத்தையோ மறுநடவுக்காகச் சீக்கிரமே சாய்க்கப்போகிறார்கள். மலர்விழிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

“தப்பு பண்ணது நான். நானே போய்ப் பிடிச்சிட்டு வரேன் சார்.”

போனாள், வெறுங்கையோடு வந்தாள், மறுபடியும் போனாள். மழை, கொசு, காவலாளியின் முறைப்பு, எதற்கும் மசியவில்லை. ஒருவழியாக இன்னொன்று சிக்கியது, அதே புடைத்த கைகளோடு. இந்த முறை உயிரோடு கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையில் ஒரு டப்பாவில் வைத்தாள். அதற்குத் தீனி போட, அழுகிய வாழைப்பழத்தில் ஈ வளர்ப்பு வேறு.

“ஊரே ஈ அடிக்குது, நீ வளர்க்கிறியா? பக்கத்து வீட்டு ஆன்டி பார்த்தா மானம் போகும்லா!” என்று அம்மா தங்கமணி கத்தினாள். கத்தினாளே தவிர, மகள் இல்லாத வேளையில் டப்பாவுக்குத் தண்ணீர் தெளித்தது அவள்தான். “சாப்டியாடா கண்ணா?” என்று கொஞ்சியதும் அவள்தான்.

ஒரு காலையில் டப்பாவின் மூலையில் பழைய சட்டை கிடந்தது. சிலந்தி பளபளவென்று நின்று முன்கால்களைத் தூக்கி ஆட்டியது. மலர்விழி லென்ஸை வைத்துப் பார்த்தாள். உறுப்பு முழுசாக விரிந்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் தங்கமணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“அப்போ பேரு வச்சிடலாமா?”

“வச்சிடலாம்மா.” மலர்விழி ஆல்கஹால் புட்டியை எடுத்தாள்.

தங்கமணிக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயோ, பாவம்டி! போட்டோ எடுத்துட்டு விட்டுடேன்.”

“போட்டோ பத்தாதும்மா. உடம்பு மியூசியத்துல இருக்கணும். விட்டா எங்க போகும்? தோட்டத்தைத்தான் சாய்க்கப் போறாங்களே.”

தங்கமணி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மலர்விழி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

“குடும்மா.”

“வலிக்குமா?”

“கொஞ்ச நேரம் குளிர்ல வச்சா மரத்துப்போயிடும். அதுக்குத் தெரியாது.”

தங்கமணி டப்பாவை மகளிடம் கொடுக்கவில்லை. தானே எடுத்துப்போய் ஐஸ் பெட்டியில் வைத்து, கதவைச் சாத்தினாள்.