ஏழு முழக் கோல்

ஓமலூர்ச் சந்தையில் மூங்கில் விற்கும் என்னிடம், லாசர் மறுபடியும் தூண்டில் கோல் கேட்டு வந்தார். ஆவணி பிறந்தால் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர். பூசை முடிந்ததும் கடற்கரையில் நின்று தூண்டில் போடுவதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம்.

அரை மணி நேரமாக ஒவ்வொரு கோலையும் தரையில் கிடத்தி முழம் போட்டுக்கொண்டிருந்தார். வளைத்துப் பார்க்கவில்லை, கணுவைப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஏனுங்க, போன வருசமே படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே? கடல் மீனு கரையோரமே வரும், ஏழு முழம் போதும்னு. வாங்கிட்டுத்தானே போனீங்க? அது பத்தலீங்களா?”

“மீனுக்குப் பத்துச்சுங்க.”

“அப்புறம் என்னத்துக்கு இத்தன நீளம்?”

இருந்ததிலேயே நீளமான கோலை எடுத்து, அதன் நுனியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார்.

“இந்த வருசம் சின்னவளக் கூட்டிட்டுப் போறனுங்க. போன வருசம் பெரியவள அலை இழுத்துட்டுப் போறப்ப, இந்தக் கையால கோல நீட்டுனேன். புடிக்கறதுக்கு அவளும் கைய நீட்டுனா. ஒரு முழம் பத்தலீங்க.”