இருபது சுற்று

என் கணவர் ஒஸ்வால்டின் குடும்பத்தில் ஆண்கள் ஐம்பதை முழுசாகத் தாண்டியதில்லை. மாமா, அதாவது அவருடைய அப்பா, நாற்பத்தெட்டில் போனார். மூத்த அண்ணன் றேமண்ட் சிறுநீரகம் பழுதாகி நாற்பத்தாறில் போனார். அடுத்தவர் கிளெமென்ற் உயிரோடு இருக்கிறார், ஆனால் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எல்லாம் சீனி வருத்தம், நீரிழிவு. "எங்கட ரத்தம் அப்பிடி" என்று சொல்லிச் சொல்லியே தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்த ஆட்கள்.

தொண்ணூற்றேழு பெப்ரவரியில் ஒஸ்வால்டுக்கு நாற்பத்து நாலு. கொட்டாஞ்சேனையில் எங்கள் டொக்டர் மக்கீன் ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீனி இன்னும் வரல்ல, வாசல்ல வந்து நிக்குது. தினம் முக்கா மணித்தியாலம் நடங்க. சீனிய விடுங்க, சோத்தக் குறைங்க, மரக்கறியக் கூட்டுங்க. திரும்பிப் போனாலும் போகும்."

போனாலும் போகுமாம்! வந்த சனியன் எந்தக் காலத்தில் திரும்பிப் போனது என்று நினைத்தேன்.

மறுநாளே ஒஸ்வால்ட் விடிய எழும்பி நடக்கப் போனார். போன மனிசன் சும்மா நடந்தாரா? தூரத்தைக் கணக்குப் பார்க்க, துறைமுக மதிலோரம் லைட் போஸ்ற்றுகளை எண்ணி எண்ணிக் கடதாசித் துண்டில் எழுதியிருக்கிறார். சண்டை நடக்கிற நாட்டில், ஒரு தமிழன், துறைமுக மதிலோரம்! என்ன எழுதுகிறாய் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டதற்கு "எக்ஸசைஸ்" என்றாராம். பொலிசில் இருந்து அவரை வெளியே எடுக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. டொக்டரின் துண்டைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அழுது கொட்டினேன்.

"இனி நடக்கேலாது, பிறிஜெற்," என்றார் வீட்டுக்கு வந்ததும். "நடந்தா ஆமி பிடிக்குது, நடக்காட்டி வருத்தம் பிடிக்குது."

அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயை மூடுங்கோ. உங்களை வண்டிலில வைச்சுத் தள்ள என்னால ஏலாது. மாதா கோயிலுக்குள்ள நடவுங்கோ. அங்க ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

அது ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கின கிழமை. விடியப் பூசை முடிந்ததும், சுவரில் இருக்கிற பதினான்கு சிலுவைப்பாதை ஸ்தலங்களையும் ஒட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளேயே சுற்றத் தொடங்கினார். நாளுக்கு இருபது சுற்று. பாவப் பரிகாரமாகச் செய்கிற சிலுவைப்பாதையை ஒரு தரத்துக்கு மேல் யார் செய்தார்கள்? மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு இமெல்டா என் கையைப் பிடித்தாள்.

"என்னட்டச் சொல்லு, பிறிஜெற். மனிசன் அப்பிடி என்ன பாவம் செய்தவர்?"

"சீனி திண்டவர்" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு கிழமைக்குள் என் மனிசனுக்கு வெள்ளவத்தையில் ஒரு வைப்பாட்டி முளைத்துவிட்டாள்.

ஈஸ்டர் வந்தது. தெருவே இறைச்சியும் கேக்குமாகக் கொண்டாடியது. எங்கள் வீட்டில் மட்டும் தபசுகாலம் முடியவில்லை. சீனிப் போத்தலை இமெல்டாவுக்கே கொடுத்துவிட்டேன். சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, வல்லாரைச் சம்பல், மீன். ஆமியின் சுற்றிவளைப்பில் தெருவில் வரிசையாக நிறுத்தினாலும், விட்டதும் மனிசன் நேரே கோயிலுக்குத்தான்.

பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் சொல்லும்போது மயிர் கூச்செறிகிறது. படியில் பாதி ஏறவே மூச்சு வாங்கினவர், தண்ணீர் வாளியோடு இரண்டு மாடி ஏறினார். குறட்டை நின்றது. அவருடைய பெல்ற்றில் ஆணியால் மூன்று புது ஓட்டை குத்தினேன். ஒரு குளிசை இல்லை, ஊசி இல்லை. இருபது வருஷமாக நாங்கள் செய்த அநியாயத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டு, கொஞ்சம் மரியாதையாக நடத்தியதும் ஒரு உடம்பு இப்படியா திரும்பி வரும்? கடவுளே!

அடுத்த பெப்ரவரியில் டொக்டர் புதுத் துண்டை இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தார்.

"சீனி தொண்ணூத்திரெண்டுதான். வாசல்ல நிண்டது போயிட்டுது. நடக்கிறத மட்டும் விட்டுராதீங்க, விட்டா திரும்பி வரும்."

அங்கிருந்து நேரே கிளெமென்ற் வீட்டுக்குப் போனோம். அவர் துண்டை வாங்கிப் படித்தார். பிறகு நெடுநேரம் தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தது மட்டுந்தானோ?"

"ஓம் அண்ணை. சீனியையும் விட்டனான், சோத்தையும் குறைச்சனான்."

"அவ்வளவுதானோ?" என்றார். திரும்பவும் கேட்டார். "அவ்வளவுதானோடா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிறிஜெற், என்ர பெடியள் ரெண்டு பேரும் உள்ள படுத்திருக்கிறாங்கள். மூத்தவனுக்கு இருபத்தாறு. நாளைக்கு விடிய வந்து ரெண்டு பேரையும் எழுப்பிக்கொண்டு போ."