நூற்றுக்கு இரண்டு கொழுக்கட்டை

ஆவுடை நடந்தால் ஆஸ்பத்திரி நகரும். இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளை. பிறந்தபோது மூச்சு முட்டி மூளையில் காயம் பட்டது. கால்கள் இரண்டும் விறைத்துப் பின்னிக்கொள்ளும். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி தரும் ஜெபராணி டீச்சர் அவளை வாரில் தொங்கவிட்டு, நடக்க வைக்கும் ரோபோவின் இரும்புக் கால்களோடு சேர்த்துக் கட்டுவார். அது அவள் காலை எடுத்து வைக்கும். காலடியில் நடைப்பட்டை பின்னால் ஓடும். ஆவுடை நின்ற இடத்திலேயே நிற்பாள். யாராவது போய்த்தானே ஆக வேண்டும். கட்டடம் போனது.

நாற்பத்தோராவது நாள் அது அவர்கள் தெருவுக்கே வந்து, வீட்டு வாசலோடு வாசலாக ஒட்டிக்கொண்டது. ஆவுடையும் ரோபோவும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

பிள்ளை முதல்முதலாக நடந்து படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுக்க வேண்டும். அம்மா கோமதி எட்டு வருடமாக அரிசி மாவு வறுத்து வைத்துக் காத்திருந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கப் போனால், படியில் மேஜை போட்டு ஓர் அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

"படி தாண்டினது யாரு?"

"எம் மவ."

"ரெண்டு பேருல்லா வந்தாங்க."

அவர் ரோபோவின் திரையைத் தட்டினார். நூற்றுக்கு எந்திரத்தின் உழைப்பு தொண்ணூற்றெட்டு. பிள்ளையின் உழைப்பு இரண்டு.

"அப்ப ரோபோதான் தாண்டியிருக்கு. புள்ள கூட வந்திருக்கு."

கோமதி படிக்கு வந்து நின்றாள். "அந்த ரெண்டும் அவ உசுரக் குடுத்து வச்சது சார்."

"யாரு இல்லைங்கா? அதுபடி பிரிச்சுக் குடுங்க."

கோமதி நூறு அவித்தாள். தொண்ணூற்றெட்டு ரோபோவுக்கு முன்னால் போனது. அதற்கு வாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தின்றது. தெருவே வந்து அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தது. எதிர்வீட்டுச் சண்முகத்தாய் மிளகாயும் உப்பும் சுற்றி அதற்குத் திருஷ்டி கழித்தாள். கோமதி அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆவுடை தன் இரண்டில் ஒன்றை ஜெபராணிக்கும் ஒன்றை அம்மாவுக்கும் கொடுத்தாள். வரும்படி வந்தவள் கை தாராளம்தான்.

அடுத்த முறை ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு வலது குதிகாலை அழுத்தினாள். சட்டை நனைந்தது. ஜெபராணி, "போதும்டா, இளைப்பாறு" என்றார். அவள் கேட்கவில்லை. இருவரும் படி தாண்டினார்கள். கோமதி வேண்டாவெறுப்பாக மறுபடி நூறு அவித்தாள். இரண்டை மகளிடம் கொடுத்தாள். மீதியை ரோபோவுக்கு முன்னால் நங்கென்று வைத்தாள்.

ரோபோ நிதானமாகத் தின்றது. கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டது. தட்டில் ஒன்று கிடந்தது.

"உப்புக் கூடிட்டோ?" என்றாள் கோமதி. "தின்னு. அவிச்சத வீணாக்கப்படாது."

ரோபோ அசையவில்லை. அலுவலர் எழுந்து நின்று திரையைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

ஆவுடைக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரம் பிடிக்கும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"எம்மா," என்றாள். "அது... எனக்குள்ளது."

கையில் இருந்த இரண்டையும் போன தடவை போலவே ஜெபராணிக்கும் அம்மாவுக்கும் நீட்டினாள். மூன்றாவதை யாருக்கும் கொடுக்கவில்லை.