மூன்று கைத் தண்ணீர்

மெர்சிக்கு டே என்றால் அன்புவுக்கு நைட். அன்புவுக்கு டே என்றால் மெர்சிக்கு நைட். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டுப் பாயில் ஒருவர் படுத்து எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுத்துவிடுவார். இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் வேலை. அவள் சார்ஜர் தயாரிக்கும் கம்பெனியில், அவன் கம்பி உருட்டும் மில்லில். இரண்டு இடத்திலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வாரத்துக்கு ஒரு முறை மாறும். இரண்டும் ஒரே நாளில் மாறுவதுதான் கஷ்டம். ஓடிப்பிடித்து விளையாடும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் ஓடினால் யார் யாரைத் தொட முடியும்?

காலையில் பைபாஸ் முனையில் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவன் மில் வண்டியிலிருந்து இறங்குவான். கரி படிந்த முகத்தில் கண் மட்டும் சிவந்திருக்கும்.

"நாஷ்டா மூடி வச்சிக்கீறேன்."

"நீ துன்னியா?"

அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். அன்றைய குடும்பம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சேர்ந்து போவார்கள். பிரசங்கம் பாதியைத் தாண்டும் முன் இரண்டு பேரில் ஒருவர் தூங்கி விழுவார்.

மகளிர் தினத்துக்கு மெர்சியின் கம்பெனியில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதில் கம்பெனி பெயர். தொட்டியின் விளிம்பிலிருந்து பச்சைப் பட்டாணியை நூலில் கோத்துவிட்ட மாதிரி நாலைந்து சரம் தொங்கியது. லைன் சூப்பர்வைசர் ராபின் அதை நீட்டும்போது, "இதுக்குப் பேரு முத்துச்சரம். ஊத்தோ ஊத்துன்னு ஊத்தாத. லேசா தண்ணி காட்டினா போதும்" என்றான்.

அதை அவள் அப்படியே வீட்டில் வந்து சொன்னபோது அன்பு சிரித்தான். "தண்ணி காட்டறதா? பர்மனன்ட் பண்றேன் பண்றேன்னு நமக்கு கம்பெனிக்காரன் காட்டிக்கினு கீறானே, அந்த மாதிரியா?" பிறகு ஒரு உருண்டையைத் தொட்டுப் பார்த்து, "சமைக்கலாமா இத?" என்று கேட்டு அவளிடம் ஒரு அடி வாங்கினான். நைலான் கயிற்றை உறி மாதிரி முடிச்சுப் போட்டு, தொட்டியை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டது அவன்தான். அதற்குப் பிறகு அவன் அந்தச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நைட் பார்க்கும் வாரங்களில் மெர்சிக்குப் பகல்தான் இரவு. ஜன்னலில் ஒரு பழைய புடவையைக் கட்டிவிட்டுப் படுப்பாள். வெயில் அந்தப் புடவையில் வடிகட்டி, சரங்களின் மேல் விழுந்து, அறைக்குள் பச்சையாக இறங்கும். ஒவ்வொரு முத்திலும் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு உண்டு. அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அந்தக் கோட்டின் வழியாகத்தான் வெளிச்சம் முத்துக்குள் போகிறது என்று படுத்தபடியே பார்த்துப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டாள். பாதி மூடிய கண்கள் மாதிரி அவை தொங்கும். தூங்குகிறதா, தூங்குகிற மாதிரி நடிக்கிறதா என்று சொல்ல முடியாது. தூரத்தில் மில்லில் கம்பி உருளும் சத்தம் அலைச்சத்தமாகக் கேட்கும். சூலூர்பேட்டை ரயில் ஊதிக்கொண்டு போனால் ஏதோ ஒரு கப்பல் கடந்து போவதாகத் தோன்றும். வீடே தண்ணீருக்கு அடியில் போய்விட்டதாகவும், மேலே மிதக்கும் கொடிகளின் வேர்களைத் தான் அண்ணாந்து பார்ப்பதாகவும் எண்ணிக்கொண்டே கிடப்பாள். பக்கத்தில் கையைத் துழாவினால் பாய்தான் இருக்கும்.

மழைக்காலம் வந்ததும் முத்துக்கள் சுருங்க ஆரம்பித்தன. முதலில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவை. உலர்ந்த திராட்சை மாதிரி தோல் மடிந்தது. தாகம் போலிருக்கிறது என்று மெர்சி வேலைக்குக் கிளம்புமுன் ஊற்றும் கால் டம்ளரை அரை டம்ளர் ஆக்கினாள். இன்னும் சுருங்கின. முழு டம்ளர் ஆக்கினாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போல பஸ்ஸில் அதே நினைப்பு.

ஒரு நாள் பைபாஸ் முனையில் அன்புவிடம் கேட்டாள். "செடியப் பாத்தியா மாமா?"

அவன் திடுக்கிட்டு, "எந்தச் செடி?" என்றான்.

பஸ் நகர்ந்தது. எந்தச் செடியாம்! வீட்டில் இருப்பதே ஒரு செடி. அதைக்கூட ஏறெடுத்துப் பார்க்காதவன், பாயின் அந்தப் பக்கத்தில் யார் படுத்து எழுந்தார்கள் என்றா யோசிக்கப் போகிறான்?

அந்த வாரம்தான் கடம்பத்தூரிலிருந்து அம்மா போன் செய்தாள். அங்கே பக்கத்திலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பகல் வேலை மட்டும், பொழுது சாய்வதற்குள் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாள்.

"அங்க இருந்து மட்டும் அவரு மூஞ்சியப் பாத்துகினா கீற? இங்க வந்துடு. ஞாயித்துக்கெழம அவரே வந்து பாக்கட்டும். சனிக்கெழமைக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லு, கேட்டுகினே கீறாங்க."

"சொல்றேம்மா" என்றாள் மெர்சி. ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஒரு தடவை போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை வருவது மாதத்துக்கு ஒரு முறையாகி, பிறகு பண்டிகைக்கு மட்டும் என்றாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி ஆனவர்கள் அவள் லைனிலேயே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டே. போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கம்பெனியில் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மரில் கோளாறு, இன்றைக்குள் சரியாகாது என்று எல்லாரையும் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். அன்பு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நைட் முடித்து வந்தவன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். எழுப்ப மனம் வரவில்லை. பாயின் இந்த ஓரத்தில் மெல்லப் படுத்துக்கொண்டாள். அவன் முதுகின் சூடு மேலே படாமலே தெரிந்தது. புடவை வழியாக வந்த பச்சை வெளிச்சத்தில் இமை கனத்தது. தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்பு எழுந்தான். கண்ணைத் திறக்காமலேயே எழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கிடந்த பக்கம் திரும்பவில்லை. பானையில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு செடியிடம் போனான். கொஞ்சமும் சிந்தாமல், குழந்தை வாயில் ஊற்றுவது போல தொட்டியில் ஊற்றினான். லுங்கி நுனியை ஈரமாக்கி, மில் தூசு படிந்த முத்துக்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"வாடாத இன்னா? அவ வந்து பாத்தா மூஞ்சி சுண்டிடும்."

சொல்லிவிட்டு, போன வழியே தடவித் தடவி வந்து படுத்தான்.

மெர்சி அசையவில்லை. அசைந்தால் கனவு கலைந்துவிடும். அந்த நேரத்தில் ஜன்னல் புடவையை ஒதுக்கிக்கொண்டு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. கண்ணாடி வளையல் போட்ட கை, அதில் ஒரு கிண்ணம். அந்தக் கை கிண்ணத்தைச் சாய்த்து, அரிசி களைந்த வெள்ளைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது.

இது கனவில்லை. கனவில் இவ்வளவு வளையல் சத்தம் வராது. மெர்சிக்குச் சிரிப்பு பீறிட்டது.

"யாரு!" என்று அன்பு பாய்ந்து எழுந்தான். "ஏ... நீ எப்ப வந்த? இன்னா ஆச்சு?"

"நீ இன்னா பண்ணிகினு இருந்த மாமா?"

"தூங்கிகினு இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி."

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "தண்ணி ஊத்தினேன். நான் நைட்டு வாரத்துல தெனமும் ஊத்துவேன். நீ விடிகாலைல பறந்துகினு ஓடற, உனக்கு எங்க நேரம்?"

"நானும் தெனமும் ஊத்திட்டுத்தான் ஓடறேன்!"

"நானும்தான் ஊத்தறேன்" என்றது ஜன்னல். வீட்டுக்காரம்மா ஜானகியம்மாள் புடவையை நன்றாக விலக்கி முகத்தைக் காட்டினாள். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போறீங்க, வரீங்க, உருண்டு கெடக்கறீங்க. வாயில்லாத ஜீவன் காஞ்சிபோவுதேன்னு நான்தான் பாவம் பாத்தேன். வாடகைல சேக்கல, பயப்படாத."

"அன்னிக்கி கேட்டப்ப, எந்தச் செடின்னு சொன்னியே?" என்று மெர்சி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

அன்பு தலையைச் சொறிந்தான். "தொடைக்கும்போது ஒரு சரம் கையோட வந்துடிச்சு. அதத்தான் கண்டுபுடிச்சிட்டியோன்னு..."

தொட்டியைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். அடியில் ஓட்டையே இல்லை. கறுப்புத் தண்ணீர் அழுகல் நாற்றத்தோடு வழிந்தது. வேர் என்று இழுத்தால் ஊறிய நூல்தான் கையில் வந்தது. குடிக்க வாயில்லாமல்தான் அது சுருங்கியிருக்கிறது. இவர்கள் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார்கள். மூன்று கைத் தண்ணீர்.

"போச்சா?" என்றான் அன்பு. செடி அவனுடையது போலக் கேட்டான்.

மெர்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியைக் கழற்றும்போது ஒரு சரம் மட்டும் அறுந்து அங்கேயே நின்றிருந்தது. அது எப்போதோ கம்பிக்கு வெளியே நீண்டு, ஜன்னல் திண்டின் வெடிப்பில் போய்ப் படுத்திருக்கிறது. அந்த வெடிப்பில் மில் தூசும் உதிர்ந்த சிமென்டும் தவிர வேறொன்றும் இல்லை. யார் கைத் தண்ணீரும் விழாத அந்த இடத்தில், கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டு, முத்துக்கள் திரண்டு விம்மி நின்றன.

"அப்ப களைஞ்ச தண்ணிய இனிமே எதுக்கு ஊத்தறது?" என்று ஜானகியம்மாள் கவலைப்பட்டாள்.

"முருங்கைக்கு ஊத்துங்கம்மா."

அவள் முனகிக்கொண்டே போனாள். அன்பு ஒரு பெயின்ட் டப்பா எடுத்துவந்து, ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டான். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கி மண்ணோடு கலந்தார்கள். அழுகாத நுனிகளை நறுக்கி, திண்டில் வேர்விட்ட சரத்தையும் பெயர்த்து, மேலே சுருட்டிப் படுக்கவைத்தாள் மெர்சி. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் இப்படி முட்டி மோதி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. அதனாலேயே சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். கடம்பத்தூர் வேலை, பகல் ஷிப்ட், நாளைக்குள் பதில்.

அன்பு மணலைத் தட்டிச் சமமாக்கினான். சமமான மணலையே திரும்பத் திரும்பத் தட்டினான்.

"போ" என்றான். "அங்கன்னா உனக்கு தூக்கமாச்சும் ஒழுங்கா வரும்."

மெர்சிக்குச் சுருக்கென்றது. "இதான் மாமா உன்கிட்ட. எனக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேட்டியா? நீயா நெனைச்சுகினு நீயா ஊத்தற."

"நான் இன்னா ஊத்தினேன்?"

அவள் நாறிய தொட்டியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி சொன்னான்.

"மில்லுல முனுசாமி அண்ணன் பேட்ச் மாத்திக்கலாமான்னு கேட்டாரு. மாத்தினா நீயும் நானும் ஒரே ஷிப்ட்டு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் ஒண்ணா ஊட்டுக்கு வந்தா நீ எனக்கு ஆக்கிப்போட்டு, துணி தொவச்சு, எப்ப தூங்குவ? இப்பன்னா தனியா நிம்மதியா தூங்கற."

"நான் தூங்கறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவன் நிமிர்ந்தான். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை முதல் முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். மணல் ஒட்டிய கையோடு போனை எடுத்து முனுசாமியைக் கூப்பிட்டான். மறுமுனையில் இரைச்சலாக இருந்தது. "இப்ப வந்து கேக்கறியா? வேற ஆள்கிட்ட சொல்லிட்டேனே" என்று முனுசாமி இழுப்பது அவளுக்கும் கேட்டது. "திங்கக்கெழம மேஸ்திரிகிட்ட பேசிப் பாக்கறேன். உறுதி இல்லப்பா."

"ஆங், சரிண்ணா" என்று அன்பு போனை வைத்தான். "உறுதி இல்லையாம்" என்றான்.

"கேட்டுச்சு."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அன்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நான் வரலம்மா."

அம்மா ஏன் என்று கேட்டாள், திட்டினாள், பிறகு, "அவரு பக்கத்துல கீறாரா?" என்றாள்.

"கீறாரும்மா. பக்கத்துலதான் கீறாரு."

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. அன்பு நைட்டுக்குக் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பைபாஸ் முனை வரைக்கும் பேசுவதற்கு நிறைய இருப்பது போலவும், பேச ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மில் விளக்குகள் நீளநீளமாக ஆடின. அவற்றின் மேல் மிதித்து நடந்தார்கள்.

மில் வண்டி வந்து நின்றது. அன்பு ஏறினான். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் தலையை வெளியே நீட்டி மெர்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அன்பு, யாரு இது? உனக்கு நெசமாவே கல்யாணம் ஆயிடிச்சா? நாங்க எல்லாம் சும்மா சொல்றன்னு இல்ல நெனைச்சோம்!"

வண்டி முழுக்கச் சிரித்தது. அன்பு படியிலேயே நின்று திரும்பி அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"ஆயிடிச்சுண்ணா" என்றான்.